சண்டை வந்தால் அவர் எங்கே போகிறார்? மட்டக்களப்புத் தம்பதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் கணவனும் மனைவியும் ஒரு தனிக் குடும்பம் அல்ல. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் உளவளத்துணைக்கு (மனநல ஆலோசனைக்கு) வரும் தம்பதியரிடம் திரும்பத் திரும்பக் காணும் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. வயது, தொகை, நாட்கணக்கு யாவும் அந்த மாதிரிக்கு உரியவை. அவற்றைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வந்த காரணம்

கணவருக்கு 38 வயது, மனைவிக்கு 34. திருமணமாகி 11 ஆண்டு. ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். கணவர் நான்கு ஆண்டு கத்தாரில் வேலை செய்துவிட்டு வந்து 14 மாதமாகிறது. இப்போது சொந்த ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி முன்பள்ளி ஆசிரியை. வீடு ஆரையம்பதிப் பக்கம். சீதனமாக மனைவியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. அதே வளவின் பின்பக்கத்தில், தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளில், மனைவியின் தாய் தந்தையும் மணமாகாத தங்கையும் இருக்கிறார்கள்.

முதலில் வந்தவர் மனைவி. மகனின் நிறையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு நிலையைக் கண்டு, பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போகச் சொல்லியிருக்கிறார். மனைவியின் முறைப்பாடு ஒரே வரி: "எடுத்ததுக்கெல்லாம் தாய் வீட்ட போயிடுறார்." இரண்டு வாரம் கழித்து வந்த கணவரின் முறைப்பாடும் அதே அளவுதான்: "கதைச்சாலும் பிழை, கதைக்காட்டியும் பிழை. அந்த வீட்டில நான் வாடகைக்கு இரிக்கிற ஆள் மாதிரி."

இருவரும் பிரிய விரும்பவில்லை. "மற்றவர் திருந்தினால் சரி" என்பதில் மட்டும் இருவருக்கும் முழு உடன்பாடு.

முதலில் தனித்தனியாக

தம்பதியை ஒன்றாக இருத்திக் கதைப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியே 40 நிமிடமாவது கேட்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கூட்டமர்வுக்குப் போவது இந்தத் துறையில் நடக்கும் மிக மோசமான பிழை. அமர்வில் மனைவி மனம் திறந்து சொன்ன ஒரு சொல்லுக்கு வீட்டில் அடி விழலாம்.

கேட்பவை நேரடியாக இருக்க வேண்டும். "பிரச்சினை ஏதும் உண்டா?" என்று கேட்டால் "அப்பிடி ஒண்டுமில்ல" என்றுதான் பதில் வரும். அடித்ததுண்டா, தள்ளியதுண்டா, கழுத்தைப் பிடித்ததுண்டா, வெளியே போக விடாமல் கதவை மறித்ததுண்டா, போனைப் பறித்ததுண்டா, கைச்செலவுக்குக் காசு தராமல் வைத்ததுண்டா, விருப்பமில்லாத நேரத்தில் உறவுக்கு வற்புறுத்தியதுண்டா, "நான் செத்துப் போவன்" என்று யாராவது சொன்னதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கழுத்தைப் பிடித்தது என்ற பதில் வந்தால், ஒரே தடவை நடந்ததாக இருந்தாலும், அதை உயிராபத்தின் அடையாளமாகவே எடுக்க வேண்டும். கடைசிக் கேள்வி: அவர் கோபப்படும்போது உங்கள் மனதில் முதலில் எழுவது என்ன? எரிச்சல், சலிப்பு, அழுகை என்பது ஒரு வகைப் பதில். "எனக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடக்குமோ" என்பது வேறு வகை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜோன்சன் 1995இல் வகுத்த பிரிவு இங்கே உதவும். வாக்குவாதம் முற்றிக் கைமீறிப் போகும் வன்முறை ஒன்று. மற்றவரைக் கட்டுக்குள் வைத்திருக்கவென்றே திட்டமாக நடக்கும் வன்முறை இன்னொன்று. இரண்டாவது வகை இருந்தால் தம்பதி அமர்வே கூடாது. பாதுகாப்புத் திட்டம்தான் வேலை. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலக் கட்டளையும், 12 மாதம் வரை செல்லும் பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனநல உதவிக்கு 1926.

இந்த நிகழ்வில் கணவர் ஒரு தடவை போனைச் சுவரில் எறிந்திருக்கிறார். அடி, மிரட்டல், தடுப்பு எதுவும் இல்லை. இருவரும் தனித்தனியே சொன்னது ஒத்துப்போனது. மனைவியின் பதிலில் பயம் இல்லை, களைப்பு இருந்தது. கிழமைக்கு இரண்டு நாள் நண்பர்களோடு பியர் குடிப்பது தெரியவந்தது. ஆகவே குடித்த நாளில் எந்தப் பிரச்சினையையும் வீட்டில் எடுப்பதில்லை என்பதை முதல் நிபந்தனையாக வைத்துத்தான் கூட்டமர்வு தொடங்கியது.

தனியமர்வில் சொல்லும் இரகசியங்களை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புச் சம்பந்தமானவை மற்றவருக்குப் போகாது. ஆனால் உறவைப் பாதிக்கும் வேறு இரகசியம் இருந்தால், அதைச் சொல்லும் வழியைச் சொன்னவரோடு சேர்ந்து தேடுவோம். மூடி வைத்துக்கொண்டு கூட்டமர்வு நடத்த மாட்டோம். இங்கே கணவர் சொன்ன இரகசியம் காசு பற்றியது. அது கீழே வரும்.

வியாழக்கிழமைச் சண்டை

"நாங்க எப்பயும் சண்டைதான்" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அண்மையில் நடந்த ஒரு சண்டையை எடுத்து, மணிக்கூட்டை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடலாம். ஆனால் நேரத்தைத் திருத்த மட்டுமே.

இரவு 8.40. கணவர் ஆட்டோவை வளவுக்குள் விடுகிறார். அவர் முகம் கழுவ முன்பே மனைவி கேட்கிறார்: "இண்டைக்கு எவ்வளவு வந்த?" கணவர் "ம்" என்கிறார். மனைவிக்கு அந்த "ம்" மறைப்பாகப் படுகிறது. "உங்கட தங்கச்சி வீட்டுக்கு இந்த மாசமும் குடுத்திட்டீங்க போல." பதில் இல்லை. அவர் சாப்பாட்டுத் தட்டை எடுக்கிறார். மனைவி குசினி வாசலுக்குப் பின்தொடர்கிறார். குரல் உயர்கிறது. 8.55க்குப் பின்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம்; மாமியார் முற்றத்துக்கு வந்துவிட்டார். கணவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோச் சாவியை எடுக்கிறார். 9.00 மணிக்கு வண்டி படலையைத் தாண்டுகிறது. பாலம் கடந்து, பட்டணம் கடந்து, திராய்மடுவில் தாயின் வீடு. இரண்டு இரவு அங்கே. மூன்றாம் நாள் மாமியார் கணவரின் பெரியப்பாவுக்குப் போன் எடுக்கிறார். பெரியப்பா வந்து கூட்டிக்கொண்டு போகிறார். வீட்டில் யாரும் எதையும் கதைப்பதில்லை. சோறு பரிமாறப்படுகிறது. முடிந்தது, அடுத்த தடவை வரைக்கும்.

இருபது நிமிடம் மட்டுமே நீண்ட சண்டை; அதன் விலை மூன்று நாள்.

ஒருவர் நெருக்க மற்றவர் விலகுவது என்ற இந்தச் சக்கரத்தை அமெரிக்க உளவியலாளர் ஆன்ட்ரூ கிறிஸ்டென்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நெருக்கினால் விலகுவார், விலகினால் இன்னும் நெருக்குவார். இரண்டு பேரும் தங்கள் செயலை மற்றவருடைய செயலுக்குப் பதிலாகவே காண்கிறார்கள். "அவர் வாய் திறக்காததாலதான் நான் கத்துறன்." "அவ கத்துறதாலதான் நான் வாய் திறக்கிறல்ல." இருவரும் சொல்வது உண்மை. வட்டத்தை வேறு வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான்.

விலகுபவர் மனம் கல்லாகிவிட்டவர் என்று மனைவி நினைத்தார். அமெரிக்க உளவியலாளர்கள் ஜோன் கொட்மனும் ரொபர்ட் லெவென்சனும் தம்பதியர் வாக்குவாதப்படும்போது உடலில் நடப்பதை அளந்து காட்டியது இதற்கு நேர்மாறு. அசையாமல் இருப்பவரின் உள்ளே நாடி பாய்ந்துகொண்டிருக்கும். நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரே இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது. நகைச்சுவை, நியாயம், மன்னிப்பு எதுவும் வேலை செய்யாது. அமர்வில் இதைச் சோதிப்பது எளிது. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். வந்து அமர்ந்தபோது கணவருக்கு 76. வியாழக்கிழமையை விவரித்தபோது, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், 108. தன் விரலாலேயே எண்ணிப் பார்த்த மனைவி அதன் பிறகு "உணர்ச்சி இல்லாத மனுசன்" என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. நீண்ட விளக்கம் சாதிக்காததை ஒரு நிமிட எண்ணிக்கை சாதிக்கும்.

வீடு யாருடையது

நெருக்குதலும் விலகலும் உலகெங்கும் உண்டு. ஆனால் மேற்கத்தேயப் பயிற்சிக் கைந்நூலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒரு பெரிய விடயம் தப்பிப்போகும். இலங்கையின் கிழக்கில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுக்கு. தாய் வழியாகக் குலத்தை எண்ணும் குடி முறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருங்கே இருப்பதை அக்கரைப்பற்றில் நீண்ட காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வழக்கம் பெண்ணுக்குத் தரும் பாதுகாப்பு பெரிது. புகுந்த வீட்டில் தனித்து நிற்கும் மருமகளின் அவலம் இங்கே குறைவு. ஆனால் சண்டையின் வடிவத்தையும் அது மாற்றிவிடுகிறது.

ஒன்று, விலகும் ஆணுக்கு வீட்டுக்குள் விலகிப் போக இடமில்லை. கதவை மூடிக்கொண்டு படுத்தாலும் அது மனைவியின் அறை. முற்றத்தில் இருந்தால் மாமனார் மாமியாரின் கண். மிஞ்சுவது தாய் வீடு. ஆகவே மௌனமாக முடிந்திருக்கக்கூடிய ஒரு விலகல் பயணமாகிவிடுகிறது. பயணம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஊருக்குத் தெரிந்தால் வெட்கம். வெட்கத்தால் இன்னொரு நாள் தங்கல்.

இரண்டு, கோபத்தில் மனைவி சொல்லும் "விருப்பமில்லாட்டிப் போங்க" என்பது இங்கே வெறும் சொல்லாக விழுவதில்லை. வீட்டுக்காரி சொல்லும் கட்டளையாக விழுகிறது. மனைவிக்கு அது தெரியவே இல்லை. அவர் அதைக் கெஞ்சலாகத்தான் சொல்லியிருக்கிறார்: போகாதீங்க என்று.

மூன்றாவதுதான் இந்த நிகழ்வின் கரு. கணவரின் தகப்பன் 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியில் இறந்தவர். அப்போது மகன் உயர்தரம் படிக்கும் வயது. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுப்பது அன்றிலிருந்து அவர் தலையில். அதற்காகவே படிப்பை விட்டார், பிறகு கத்தாருக்கும் போனார். உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டி, தான் மனைவியின் வீட்டில் இருக்கும் ஆணுக்குச் சொந்தப் பெயரில் ஒரு கூரையும் இருப்பதில்லை. தங்கையின் வீட்டுக் கடனுக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுத்துவந்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. தனியமர்வில் சொன்ன இரகசியம் இதுதான். சொன்னால் தடுத்துவிடுவார் என்ற பயம். மனைவியோ அயலில் ஒருவர் வாய் மூலம் அரைகுறையாக அறிந்து, தொகையைத் தெரியாமல் அதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டிருந்தார்.

மனைவியின் பக்கத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். நான்கு ஆண்டு தனியே பிள்ளைகளைப் பார்த்து, வந்த காசைக் கணக்கு வைத்து, மகளுக்கு டெங்கு வந்தபோது தனியே வார்டில் இருந்து, எல்லா முடிவையும் தானே எடுத்தவர். அந்தக் காலத்தில் தினமும் இரவு இமோ செயலியில் அரை மணி நேரம் கதைத்த மனிதர், வந்த பிறகு "ம்" என்கிறார். தூரத்தில் இருந்தபோது கிடைத்த நெருக்கம் பக்கத்தில் வந்ததும் போய்விட்டது. ஆட்டோ படலையைத் தாண்டும் சத்தம் அவருக்கு விமான நிலையம்தான். அவர் காசுக் கணக்கைக் கேட்பதுபோல் தெரிந்தாலும், கணக்கில் தான் எங்கே என்றுதான் கேட்கிறார். உளவியலாளர்கள் சூ ஜோன்சனும் லெஸ்லி கிரீன்பேர்க்கும் 1980களில் உருவாக்கிய உணர்வு மையச் சிகிச்சை, கோபத்துக்கு அடியில் கிடக்கும் இந்தக் கேள்வியைத்தான் மேலே கொண்டுவர முயல்கிறது: நான் கூப்பிட்டால் நீ வருவாயா?

இரவில் திரும்பும் சக்கரம்

நான்காவது அமர்வு வரை இருவரும் தாம்பத்தியம் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்காமல் யாரும் சொல்லவும் மாட்டார்கள். கேட்கும் முறை முக்கியம்: "வெளிநாட்டிலிருந்து வந்த பிறகு நெருக்கத்தில் சிரமப்படும் தம்பதியர் நிறையப் பேர். உங்களுக்கு எப்படி?" வெட்கப்படத் தேவையில்லை என்பதைக் கேள்வியே சொல்லிவிட வேண்டும்.

இங்கே பாத்திரங்கள் தலைகீழாகின. இரவில் நெருங்குபவர் கணவர். "களைப்பா இரிக்கி" என்று திரும்பிப் படுப்பவர் மனைவி. கணவர் மறுநாள் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிவார். கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரிய வைக்கும். நெருக்குவதும் விலகுவதும் யாருக்கு மாற்றம் வேண்டும் என்பதோடு சேர்ந்து மாறுகின்றன. மனைவி மாற்றம் கேட்கும் விடயங்களில் மனைவி நெருக்கிக் கணவர் விலகும் கோலம் தெளிவாகத் தெரிந்தது; கணவர் மாற்றம் கேட்கும் விடயங்களில் அந்தச் சாய்வு மறைந்தது. "பொம்பிளயள் இப்பிடித்தான், ஆம்பிளயள் அப்பிடித்தான்" என்ற ஊர்ப்பேச்சு இதோடு உடைகிறது. ஒரே மனிதர் பகலில் விலகுபவராகவும் இரவில் நெருக்குபவராகவும் இருக்கிறார். இதைக் கரும்பலகையில் இரண்டு வட்டமாக வரைந்து காட்டியபோது கணவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அவ பகல்ல படுற பாட்டத்தான் நான் ராவில படுறன்."

மனைவியின் விலகலுக்குக் காரணம் மனம் மட்டும் அல்ல. மகன் இருவருக்கும் நடுவில் படுக்கிறான், தகப்பன் இல்லாத நான்கு வருடம் தாயோடு படுத்த பழக்கம். அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். பின்வீட்டில் தாய் இருமினால் கேட்கும். ஆகவே இங்கே நடப்பது அங்கே கேட்கும். இந்த நிலையில் ஆசையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. தச்சரைக் கூப்பிட்டு, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு போட வேண்டும். கதவுக்கு ஆன செலவை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். மகனை அக்காவின் கட்டிலுக்கு மாற்றுவதற்கு மூன்று வாரம் ஒதுக்கப்பட்டது. முதல் வாரம் அதே அறையில் தனிப் பாய். இரண்டாம் வாரம் அக்காவின் அறையில், தாய் பக்கத்தில் இருந்து தூங்க வைத்தல். மூன்றாம் வாரம் கதை சொல்லிவிட்டு வெளியே வருதல். இடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் பின்னால் போனது, அது வழமை.

இந்த மூன்று வாரமும் உறவு கொள்வதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் முடிவு எங்கே போகும் என்ற அச்சம் நீங்கினால்தான் கை பிடிப்பதும் தலை கோதுவதும் திரும்பி வரும். அவை இல்லாமல் மற்றது வராது.

செய்தவையும் பிழைத்த இடங்களும்

முதல் வேலை இடைவேளை. நாடி ஏறிவிட்டால் குறைந்தது 20 நிமிடம் பிரிந்திருக்க வேண்டும். உடலில் சுரந்தது அடங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிரிந்திருக்கும்போது "அவ என்னை எப்பிடிச் சொல்லலாம்" என்று மனதுக்குள் வழக்காடினால் 20 நிமிடம் இரண்டு மணித்தியாலம் ஆனாலும் அடங்காது. போகும் முன் திரும்பி வரும் நேரத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை படுதோல்வி. கணவர் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார், நேரம் சொல்லவில்லை. ஆட்டோ வழமையான பாதையில் தானாகப் போவதுபோலத் திராய்மடுவுக்குப் போய்விட்டது. மனைவி அந்த இடைவெளியில் பதினொரு தடவை போன் எடுத்தார். மறுநாள் மாலைதான் கணவர் வந்தார். இடைவேளை என்ற பெயரில் பழைய சண்டையே அனுமதிச் சீட்டோடு நடந்திருக்கிறது. இந்த உத்தியைக் கற்பிக்கும் பலர் கவனிக்காத ஆபத்து இது: விலகுபவரின் கையில் இடைவேளையை மட்டும் கொடுத்து, திரும்பி வரும் கடமையைக் கொடுக்காவிட்டால், சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும்.

திருத்திய உடன்பாடு இப்படி அமைந்தது. ஆட்டோச் சாவி வீட்டில் இருக்க வேண்டும்; நடந்துதான் போக வேண்டும். நடந்தால் வாவிக்கரை வரை போய்த் திரும்பலாம், தாய் வீட்டுக்குப் போக முடியாது. போகும்போது மணியைச் சொல்ல வேண்டும்: "ஒன்பதரைக்கு வாறன்." மனைவி அதுவரை போன் எடுப்பதில்லை. ஒன்பதரை தாண்டினால் கணவர் எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் கதையை முடிக்க வேண்டுமென்பதில்லை. "நாளைக்குப் பின்னேரம் கதைப்பம்" என்பது போதும், ஆனால் அந்த நாளைக்கு உண்மையில் வர வேண்டும். "விருப்பமில்லாட்டிப் போங்க" என்ற வசனத்தை மனைவி கைவிடுவது இதற்கு ஈடு. கணவர் கேட்ட ஒரே ஈடு அதுதான்.

இரண்டாவது, தொடக்கம். ஒரு வாக்குவாதம் எப்படி முடியும் என்பது அதன் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது என்பது கொட்மன் குழுவின் கண்டுபிடிப்பு. முறைப்பாடு வேறு, குணத்தைக் குற்றஞ்சாட்டுவது வேறு. "நீங்க எப்பயும் உங்கட ஆக்களுக்குத்தான்" என்பது குணத்தின் மீதான தீர்ப்பு. மறுப்பதைத் தவிர அதற்குப் பதில் இல்லை. அமர்வில் அதே விடயத்தை மனைவி மூன்று நான்கு தடவை திருத்தித் திருத்திச் சொன்னார். கடைசியில் வந்தது: "தங்கச்சிக்கு எவ்வளவு குடுக்கிற எண்டு எனக்கு முன்னுக்குச் சொல்லுங்க. மறுகா ஊர் சொல்லித் தெரிய வந்தா, நான் உங்கட கணக்கிலேயே இல்ல எண்டு நினைக்க வருது." இதில் ஒரு செயல் இருக்கிறது, ஒரு உணர்வு இருக்கிறது, ஒரு கோரிக்கை இருக்கிறது. கணவர் அப்போதுதான் 15,000 என்ற தொகையைச் சொன்னார். மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அவர் நினைத்திருந்தது இரட்டிப்பு.

ஆனால் முகம் கழுவும் முன் கேட்டால் எந்த மென்மையான தொடக்கமும் எடுபடாது. கணவர் வந்து குளித்து, சாப்பிட்டு, அரை மணி போகும் வரை காசு, கடன், உறவினர் மூன்றும் பேசுவதில்லை. கேள்விகளை மனைவி கொப்பியில் எழுதி வைப்பார். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, கல்லடிக் கடற்கரையில், 25 நிமிடம். வளவுக்குள் எந்த மூலையில் இருந்தாலும் மூன்றாவது காது உண்டு. கடற்கரையில் பிள்ளைகள் மணலில் விளையாட, கண் பார்வைக்குள் வைத்துக்கொண்டு கதைக்கலாம். அங்கே குரல் உயர்த்த இருவருக்கும் வெட்கம் என்பதும் ஒரு வசதி. முதல் ஐந்து நிமிடம் அந்த வாரம் மற்றவர் செய்த நல்லதொன்றைச் சொல்ல வேண்டும். கணவருக்கு இது நாடகம் போலப் பட்டது, முதல் வாரம் சிரித்துவிட்டார். சிரிப்பும் நல்லதுதான், சண்டை நடுவே ஒருவர் சிரிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, மாமியார். அவரைக் குற்றவாளியாக்கினால் மனைவி தாயின் பக்கம் போய் நிற்பார், அதோடு எல்லாம் முடியும். ஆறாவது அமர்வுக்குப் பிறகு அவரைத் தனியே அழைத்து அரை மணி நேரம் கேட்கப்பட்டது. அவருடைய பயம் நியாயமானது. மூத்த மகளின் புருசன் விட்டுப் போனான் என்ற பேச்சு வந்தால் இளையவளுக்குச் சம்பந்தம் வராது. அதனால்தான் சண்டைச் சத்தம் கேட்டவுடன் முற்றத்துக்கு வருகிறார், மூன்றாம் நாள் பெரியப்பாவைக் கூப்பிடுகிறார். அவரிடம் கேட்டது ஒன்றே: அடி விழும் சத்தம் கேட்டால் உடனே வாருங்கள், மற்றபடி 24 மணி நேரம் யாருக்கும் போன் எடுக்க வேண்டாம். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: மருமகன் வீட்டில் இரவு தங்க வேண்டும். அது நடைப்பயண உடன்பாட்டோடு பொருந்தியது.

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். காணி, சீதனம், கொடுத்த கடன் போன்றவற்றில் இந்த முறை நீதிமன்றத்தைவிட வேகமாகவும் மலிவாகவும் வேலை செய்யும். நெருக்கம் பற்றிய பிணக்கில் அது தீங்கு செய்கிறது. பெரியவர்கள் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வார்கள். தோற்றவர் அன்றிரவு வென்றவரோடு ஒரே அறையில் படுக்க வேண்டும்.

நின்ற நிலை

பதினொரு அமர்வு, ஐந்து மாதம். முன்னேற்றத்தை அளக்கக் கிரகாம் ஸ்பேனியரின் 1976ஆம் ஆண்டுத் தம்பதியர் இணக்க அளவீட்டின் 32 வினாக்கள் போன்ற அளவுகோல்கள் உண்டு. இங்கே அதைவிட எளிய மூன்றை எடுத்தார்கள்: மாதத்தில் கணவர் தாய் வீட்டில் கோபத்தோடு தங்கிய இரவுகள், சண்டைக்குப் பிறகு முதல் சாதாரண வார்த்தை வரும் வரை சென்ற நேரம், சனிக்கிழமைச் சந்திப்பு நடந்ததா இல்லையா. கோப இரவுகள் மாதம் ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்கின. மௌனம் மூன்று நாளிலிருந்து பெரும்பாலும் ஒரு இரவாகக் குறைந்தது. சனிக்கிழமைச் சந்திப்பு மழைக் காலத்தில் பாதி வாரங்களில் தவறியது; நவம்பர், டிசம்பரில் கடற்கரைத் திட்டம் போட்டது கவனப் பிழை. பிறகு மகளின் வகுப்பு முடியும் வரை ஆட்டோவுக்குள் இருந்து கதைப்பதாக மாற்றினார்கள்.

தாம்பத்திய நெருக்கம் கதவு வந்த பிறகு மெல்லத் திரும்பியது; மனைவியே சில நாள் தொடங்குகிறார் என்று கணவர் சொன்னார். எண்ணிக்கை கேட்கவில்லை, அது தேவையுமில்லை.

தங்கையின் கடன் தீரவில்லை. தீராது என்றுதான் திட்டம் போட வேண்டும். தம்பதியர் சண்டை போடும் விடயங்களில் ஏறக்குறைய 69 வீதம் என்றைக்கும் முழுதாகத் தீராதவை என்று கொட்மன் கணக்கிட்டிருக்கிறார். ஒற்றுமையாக வாழ்பவர்களுக்கும் அவை உண்டு. அவர்கள் அவற்றைப் பற்றிக் கதைக்கத் தெரிந்தவர்கள். இப்போது 15,000 சனிக்கிழமைக் கொப்பியில் எழுதப்படுகிறது, மனைவி சில மாதம் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

மூன்று மாதம் கழித்து நடந்த பின்தொடர் அமர்வில் புதிய விடயம் வந்தது. மனைவியின் தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். அவளுக்கு வீடு வேண்டும். வளவைப் பிரித்துப் பின்பக்கம் கட்டுவதா, தாய் தந்தை எங்கே போவார்கள், செலவில் மூத்த மருமகனின் பங்கு என்ன என்று எதுவும் முடிவாகவில்லை. கணவர் இதை ஒரு சனிக்கிழமை, கற்றுக்கொண்ட முறையில், மென்மையாகவே தொடங்கினார். மனைவி "அதுக்கு இப்ப என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டு, மகனைத் தேடி எழுந்து போய்விட்டார். இப்போது மாற்றம் கேட்பவர் அவர், விலகுபவர் மனைவி. அமர்வில் கணவர் இதைச் சொன்னபோது மனைவிக்கே சிரிப்பு வந்தது. அடுத்த அமர்வுக்கு வளவின் உறுதிப் பிரதியும், இரண்டு அறை கட்ட மேசன் தரும் மதிப்பீடும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. மாமியாரை இந்த முறை இன்னும் அழைக்கவில்லை.